ஹோம்ஸ் கண்ட திருச்சிச் சாம்பல்

ஆங்கிலத்தில் செரூட் என்பது நம்ம ‘சுருட்டு’தான். அரியலூர்க்காரனான எனக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு. 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் பிரியும்வரை நாங்களும் திருச்சி மாவட்டம்தானே!

கோனன் டாயிலின் முதல் ஹோம்ஸ் நாவல் 1887-ல் வந்தது. கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பல் கருமையா, செதில் செதிலா இருக்கு. உடனே ‘இது திருச்சினாப்பள்ளி’ என்று ஹோம்ஸ் முடிவு கட்டிவிடுகிறார். 1890-ல் வந்த இரண்டாவது நாவலிலும் இதே கருஞ்சாம்பல் வருகிறது. விளக்கம் தேவைப்படாத அளவுக்கு லண்டன் வாசகர்களுக்குத் திருச்சிச் சுருட்டு பழகியிருந்தது என்றுதான் இதை வாசிக்கிறேன். உறையூரில் சுற்றுவார்கள், இலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வரும்.

சரி, சாம்பலை வைத்துத் தரம் சொல்லலாமா? வெள்ளைச் சாம்பல்தான் உசத்தி என்று சொல்லும் சுருட்டுப் பிரியர்கள் நிறைய. ஆனால் நிறத்தில் பெரும்பங்கு மண்ணுக்கு. இலையில் மெக்னீசியம் கூடினால் சாம்பல் வெளுக்கும். ருசி வேறு கணக்கு: இலையைப் புளிக்கவைத்த விதம், ஈரப்பதம், சுற்றிய இறுக்கம். ரொம்ப இறுக்கினால் புகையை இழுக்கவே வராது. லூசா சுற்றினால் சரசரன்னு எரிந்து வாயைச் சுடும். இதெல்லாம் சாம்பல் நிறத்தில் தெரியாது. ஹோம்ஸும் அந்த அறையில் சுருட்டின் ஊரைத்தான் சொன்னார், மார்க் போடவில்லை.