கச்சேரியடி

சென்னைக்காரர் காதில் ‘கச்சேரி’ என்றால் தம்பூரா ஒலிக்கும். யாழ்ப்பாணத்தாருக்கும் மட்டக்களப்பாருக்கும் அது மாவட்ட நிர்வாக அலுவலகம்: காணிப் பத்திரம், பென்ஷன், ஜீ.ஏ. என்ற அரசாங்க அதிபரின் கையெழுத்து. இந்துஸ்தானியின் ‘கச்சஹ்ரி’யே தமிழில் கச்சேரி ஆனது. அதிகாரி அமர்ந்து வழக்கும் வரியும் கேட்கும் சபை என்பது அதன் பொருள். கூடியிருக்கும் சபை என்ற பொருளிலிருந்துதான் பாட்டுக் கச்சேரி கிளைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் தாலுகா கச்சேரி என்ற பேச்சு நெடுநாள் இருந்தது. மயிலாப்பூரின் கச்சேரி சாலை அதன் மிச்சம்.

இந்தச் சொல் கடல் கடந்தது எப்படி? 1796இல் டச்சுக்காரரிடமிருந்து இலங்கையின் கரையோரத்தைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனி, அதைச் சென்னையிலிருந்து ஆண்டது. சென்னை வருவாய் முறையும் வரி வசூலிக்கும் அமில்தார்களும் தென்னை மர வரியும் வந்து இறங்கின. அவற்றை எதிர்த்து மறு ஆண்டே கலகம் வெடித்தது. அந்த நிர்வாகத்தோடு வந்து இறங்கிய சொல்லாகவே கச்சேரியையும் கொள்ளத் தோன்றுகிறது. சிங்களத்திலும் அது ‘கச்சேரிய’.

மட்டக்களப்புக் கச்சேரிக்குப் புதுக் கட்டடம் தேவைப்படவில்லை. புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, 1638இல் டச்சுக்காரர் பறித்த கோட்டையே கச்சேரி ஆயிற்று. நான்கு கொத்தளங்கள், இரு பக்கம் வாவி, இரு பக்கம் அகழி. பீரங்கிக்கென்று தடித்த மதிலுக்குள்ளே தலைமுறை தலைமுறையாக எழுதுவினைஞர்கள் கோப்புக் கட்டினார்கள். எதிரியைத் தடுக்கக் கட்டிய வாசலில் மனுவோடு குடியானவர் நுழைந்தார். இலங்கை அரசுக் கட்டடங்களில் இதைவிடச் சுவையான மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

யாழ்ப்பாணக் கச்சேரியின் வலிமை வேறு வகை. 1833இல் மாகாணங்கள் வகுக்கப்பட்டபோது மன்னாரும் வன்னியும் மட்டுமல்ல, அநுராதபுரமும் அதன் ஆளுகைக்குள் வந்தது. 1873 வரை அப்படித்தான். 1829 முதல் 1867இல் இறக்கும்வரை அங்கே அதிபராக ஆட்சி செய்த ஆங்கிலேயர் பெர்சிவல் டைக்கை வடக்கின் ராஜா என்றே அழைத்தார்கள். பக்கத்துப் பழைய பூங்கா அவர் உருவாக்கியது. மணியகாரர், உடையார், விதானை என்ற உள்ளூர்த் தலைமைக்காரர் வழியே ஊர்வரை இறங்கிய ஏணியின் மேல்படி இந்தக் கச்சேரி. பின்னாளில் எழுத்தாளரான லெனர்ட் வுல்ஃப் 1905இல் பயிலுநராக வந்து வேலை பழகியதும் இங்கேதான்.

உள்நாட்டுப் போர் அந்தக் கச்சேரிக் கட்டடத்தைக் கூரையில்லாத சுவர்களாக்கியது. அருகே எழுந்த புதிய கட்டடத்துக்கு மாவட்டச் செயலகம் என்று பெயர். ஆனால் நல்லூருக்குப் பிரியும் தெரு இன்றும் கச்சேரி நல்லூர் வீதிதான். பஸ்ஸில் ஏறுபவரும் ‘கச்சேரியடியில இறக்கிவிடுங்கோ’ என்கிறார். மிஞ்சிய சுவர்களை இடிக்காமல் காக்க வேண்டும். அங்கே வைக்கும் பலகையிலும் ‘பழைய கச்சேரி’ என்றே எழுத வேண்டும்.