ஆபீஸில் இருந்தே நாய்க்கு ட்ரீட் போடும் கேமரா: பட்ஜெட்டில் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மதியம் மீட்டிங் முடிந்ததும் போனை எடுக்கிறீர்கள். வீட்டில் தனியாக இருக்கும் நாய் சோபாவில் படுத்திருப்பது தெரிகிறது. ஆப்பில் ஒரு பட்டனைத் தட்டினால் கேமராவில் இருந்து ஒரு ட்ரீட் வந்து விழுகிறது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற வாய்ப்பு அதிகம்.

உண்மையான விலை என்ன?

சில மாடல்களில் குரைத்தால் அலர்ட், வீடியோ சேமிப்பு போன்ற வசதிகளுக்கு மாதச் சந்தா உண்டு. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 8,000 ரூபாய் கேமராவுக்கு மாதம் 400 ரூபாய் சந்தா என்றால், இரண்டு வருடத்தில் மொத்தம் 17,600 ரூபாய். சந்தா இல்லாத 12,000 ரூபாய் கேமராவே மலிவு. மெமரி கார்டில் பதிவு செய்யும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதி மாடல் என்றால், இந்தியாவில் வாரன்டி உண்டா என்றும் கேளுங்கள்.

எத்தனை ட்ரீட் போடலாம்?

ட்ரீட் அளவு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளுக்குச் சுமார் 600 கிலோகலோரி தேவை. அதில் ட்ரீட்டின் பங்கு 60. ஒரு துண்டு 6 கிலோகலோரி என்றால், 10 துண்டோடு நிறுத்த வேண்டும். வீட்டில் மூன்று பேர் போனிலும் ஆப் இருந்தால் இது சட்டென்று தாண்டிவிடும்.

சிறிய, உருண்டையான, உலர்ந்த ட்ரீட்தான் இந்தக் கருவிகளில் சிக்காமல் விழும். உள்ளே இருக்கும் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவ முடிய வேண்டும். இல்லாவிட்டால் எறும்பு வரும்.

நெட், கரன்ட் போனால்?

பல மலிவு கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்கும். உங்கள் ரவுட்டரில் அது ஆன் ஆகியிருக்க வேண்டும். வீடியோ 1.5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 675 எம்பி டேட்டா செலவாகும். பெரும்பாலான மாடல்களில் பேட்டரி கிடையாது. எனவே கேமராவோடு ரவுட்டரும் இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும்.

கம்பெனியின் சர்வரே படுத்துவிட்டால்? 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் பெட்நெட் நிறுவனத்தின் தானியங்கி உணவுக் கருவிகள் பல நாட்கள் சர்வர் பிரச்னையில் சிக்கின. எனவே இதை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நம்பவே வேண்டாம்.

வேறு யாராவது பார்க்க முடியுமா?

இது உங்கள் ஹாலில் எப்போதும் திறந்திருக்கும் கண். மைக்கும் உண்டு. 2016-ல் மிராய் என்ற மால்வேர், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களைத்தான் குறிவைத்தது. பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். இரண்டு அடுக்கு லாகின், தொடர்ச்சியான அப்டேட் இரண்டும் இல்லாத பிராண்டைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் ஆள் இருக்கும்போது பிளக்கைக் கழற்றிவிடலாம்.

கட்டாயம் தேவையா?

நாய் குரைக்கும்போது ட்ரீட் போட்டால், குரைத்தால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். அமைதியாக இருக்கும்போது போடுங்கள். உங்கள் குரலைக் கேட்டுத் தேடித் தவிக்கும் நாய்களும் உண்டு. முதல் சில நாள் கவனியுங்கள். தனியாக விட்டாலே விடாமல் ஊளையிடுவது, கதவைப் பிராண்டுவது போன்றவை இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை.

நாயைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும் சாதாரண வைஃபை கேமராவே போதும். மிச்சப் பணத்தில் மதியம் ஒருமுறை நாயை வாக்கிங் கூட்டிப்போக ஆள் வைக்க முடியுமா என்று பாருங்கள். எட்டு மணி நேரம் தனியாக இருக்கும் நாய்க்குப் பத்து பிஸ்கட்டைவிட அதுதான் பெரிய ட்ரீட்.