தீவன ஆலைப் பொறியியல்: நாமக்கல், பல்லடம் வட்டாரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

கோழிப் பண்ணையின் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. அந்தத் தீவனத்தை அரைத்துக் கலந்து பக்குவம் செய்யும் ஆலையை வடிவமைப்பது, நிறுவுவது, ஓடவைத்துக் காட்டுவது, பிறகு பழுதுபார்ப்பது ஆகிய நான்கும் பொறியியல் நிறுவனத்தின் பணிகள். ஆனால் ஆலை வாங்குவோர் முதலில் கேட்பது "மணிக்கு எத்தனை டன்?" என்பதுதான். டன் கணக்கு ஆலையின் அளவைச் சொல்லுமே தவிர, அதன் தரத்தைச் சொல்லாது. ஒவ்வொரு கோழியின் வாய்க்கும் ஒரே தன்மையுள்ள தீவனம் போய்ச் சேருகிறதா என்பதே இத்துறையின் உரைகல் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

2. பறவையிலிருந்து தொடங்கும் வடிவமைப்பு

நாமக்கல் முட்டைக்கோழிக்குப் பேர்போனது, பல்லடம் கறிக்கோழிக்கு. இரண்டு ஊர்களிலும் மூலப்பொருள் பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும்தான். ஆனால் ஆலைகளின் அமைப்பு வேறு.

2.1 முட்டைக்கோழி: இதற்கு மாவுத் தீவனமே வழக்கம். மாவு என்றாலும் நைசாக அரைத்துவிடக் கூடாது. தூளாகிவிட்டால் அலகில் ஒட்டும், கோழி தின்பதும் குறையும். பரும்படியாகவும் பொடியாகவும் கலந்து கிடந்தால் கோழி பெரிய துணுக்குகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு, தாதுவும் வைட்டமினும் அடங்கிய பொடியைத் தொட்டியிலேயே விட்டுவிடும். எனவே ஹேமர் மில்லின் சல்லடைக் கண், சுத்தியல் முனையின் வேகம், காற்றிழுப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். முட்டை ஓட்டுக்காகச் சேர்க்கும் சுண்ணாம்புக்கல் தீவனத்தில் பத்தில் ஒரு பங்கு வரை இருப்பதால், திருகுக் கடத்திகளும் கலவைத் தகடுகளும் விரைவில் தேயும். தேயும் இடங்களில் கழற்றி மாற்றக்கூடிய தகடுகளை முதலிலேயே வைப்பவரே அனுபவமுள்ள வடிவமைப்பாளர்.

2.2 கறிக்கோழி: இதற்குக் குச்சித் தீவனம், குஞ்சுப் பருவத்தில் அதையே உடைத்த குருணை. ஆகவே பாய்லர், கண்டிஷனர், பெல்லட் மில், கூலர் என்று ஒரு தனி வரிசையே கூடுகிறது. இத்தகைய ஆலையில் மின்சாரத்தைப் பெருமளவு தின்பது பெல்லட் மில்தான்.

3. கலவை: கண்ணுக்குத் தெரியாத குறை

ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தின்கிறது. ஒரு டன் தீவனத்தில் ஒரு கிலோ வைட்டமின் கலவை சேர்த்தால், ஒரு கோழிக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது 0.11 கிராம். இந்தச் சிட்டிகை, அந்த ஒரு டன்னை ஒரே நாளில் தின்னும் ஏறத்தாழ ஒன்பதாயிரம் கோழிகளுக்கும் சமமாகப் போய்ச் சேர வேண்டும்.

இதைச் சோதிக்க எளிய முறை உண்டு. மிக்ஸரின் பல இடங்களிலிருந்து பத்து மாதிரிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் உப்பின் அளவை ஆய்வு செய்வார்கள். மாதிரிகளுக்கிடையிலான மாறுபாட்டுக் கெழு 10 சதவீதத்துக்குள் இருந்தால் கலவை ஏற்கத்தக்கது. 5 சதவீதத்துக்குள் இருந்தால் மிக நன்று. கெழு கூடினால் காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று: மிக்ஸரை அளவுக்கு மேல் நிரப்பியது, நேரத்தைக் குறைத்தது, ரிப்பன் தகடு தேய்ந்து தொட்டிக்கும் அதற்கும் இடைவெளி விழுந்தது, அல்லது பொருள்களைப் போடும் வரிசை தவறியது. இவற்றில் எதுவும் மணிக்கு எத்தனை டன் என்ற கணக்கைக் குறைப்பதில்லை. எனவேதான் இந்தக் குறை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

முந்தைய தொகுதியின் மருந்து கலந்த தீவனம் எலிவேட்டர் அடியில் தங்கி அடுத்த தொகுதியில் சேர்வதும் இதே வகைக் குறையே. தங்குமிடமில்லாத வடிவமும், மருந்துத் தீவனத்துக்குப் பின் எதை அரைப்பது என்ற வரிசை ஒழுங்கும் இதற்குத் தீர்வு.

4. நீராவியும் அச்சும்

கண்டிஷனரில் மாவின் மேல் நீராவி படிந்து, ஈரமும் வெப்பமும் ஏறுகின்றன. ஈரம் ஒரு சதவீதம் கூடினால் வெப்பம் தோராயமாக 11 முதல் 14 டிகிரி செல்சியஸ் வரை உயரும். 30 டிகிரியில் வரும் மாவை 80 டிகிரிக்குக் கொண்டுபோக நான்கு சதவீத அளவு ஈரம் சேர்ந்துவிடும். இந்த வெப்பத்தில் மாவுச்சத்து இளகிக் குச்சி இறுகும். சால்மொனெல்லா போன்ற கிருமிகளும் குறையும். நீராவி உலர்ந்ததாக இருந்தாக வேண்டும். குழாயில் தண்ணீர் கலந்து வந்தால் ஈரம் மட்டும் ஏறி, பெல்லட் மில்லின் ரோலர் வழுக்கி, குச்சியை வார்க்கும் துளையிட்ட அச்சான டை அடைத்துக்கொள்ளும். டையின் மேல் பழிபோட்டுப் புது டை வாங்குவோர் உண்டு. குழாயில் சேரும் தண்ணீரைப் பிரித்து வெளியேற்றும் நீராவிப் பொறி (ஸ்டீம் டிராப்) வேலை செய்கிறதா என்று முதலில் பார்ப்பதே முறை.

புது டையை அப்படியே ஓட்டுவதில்லை. எண்ணெயில் பிசைந்த தவிடும் நுண்மணலும் செலுத்தித் துளைகளை மெருகேற்றுவார்கள். ஆலையை நிறுத்தும்போது எண்ணெய்ப் பசையுள்ள தீவனத்தால் துளைகளை நிரப்பி வைப்பார்கள். இல்லையேல் உள்ளே நிற்கும் தீவனம் காய்ந்து கல்லாகிவிடும். ரோலர் டையை லேசாகத் தொடும் அளவுக்கு வைத்தால் போதும். இறுக்கிவிட்டால் இரண்டும் சேர்ந்து தேயும்.

குச்சியின் உறுதியை அளக்கக் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இன்றும் வழக்கில் உள்ளது. 500 கிராம் குச்சியைப் பெட்டியிலிட்டு நிமிடத்துக்கு 50 சுற்று வீதம் 10 நிமிடம் உருட்டி, உடையாமல் எஞ்சியதை எடை போடுவார்கள்.

5. தட்பவெப்பமும் பாதுகாப்பும்

கூலரால் தீவனத்தைச் சுற்றுக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. ஐந்து டிகிரி கூடுதலில் வெளிவந்தாலே நல்ல கூலர். குளிர்நாட்டுக் காற்றுக்குப் போட்ட கணக்கைக் கோடையின் 38 டிகிரிக்கு அப்படியே பொருத்த இயலாது. சூடு ஆறாத குச்சியை மூட்டை கட்டினால் உள்ளே நீர் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

தூசியும் ஆபத்தே. பெல்ட் வழுக்கியோ பேரிங் சூடேறியோ பக்கெட் எலிவேட்டருக்குள் தீப்பொறி எழுந்தால் தூசி வெடிக்கும். ஹேமர் மில்லுக்கு முன் காந்தம், பேரிங்கில் வெப்ப உணரி, எலிவேட்டரில் வெடிப்பு வெளியேற்றி ஆகியவற்றை வாங்குவோர் விருப்பத்துக்கு விடலாகாது.

6. முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, ஆலையின் வடிவம் பறவையையும் ஊரின் காற்றையும் பொறுத்தது. ஓரிடத்து வரைபடம் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. இரண்டு, பெரிய இழப்புகள் ஆலை நின்றுபோவதால் மட்டுமல்ல, ஓடிக்கொண்டே கெடுவதாலும் வருகின்றன. அதனால் ஆண்டு முழுவதும் அளந்து பார்ப்பதும் பொறியியல் பணியே. மூன்று, கலவையின் மாறுபாட்டுக் கெழு, குச்சியின் உறுதி, கூலரின் வெளியீட்டு வெப்பம், ஒரு டன்னுக்கான மின்செலவு ஆகிய நான்கும் ஒப்பந்தத்தில் எண்ணாக இடம்பெற வேண்டும். இந்த நான்கையும் சொந்த மூலப்பொருளில் ஓட்டிக் காட்டச் சொல்லி, அதன் பிறகே கடைசித் தவணையைக் கொடுப்பது ஆலை உரிமையாளருக்கு நல்லது. நேர்மையான நிறுவனத்துக்கும் அதுவே நல்லது.