பாரதக் கூத்தின் இறுதி நாள் (காஞ்சிபுரம் வட்டாரம்)

காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, ஆரணி வட்டாரங்களில் திரௌபதி அம்மன், தர்மராஜர் கோயில் விழாக்களையொட்டிப் பல இரவுகள் நடக்கும் மகாபாரதக் கூத்து நிறைவடையும் நாளே இறுதி நாள். இரவு முழுக்க ஆடும் பதினெட்டாம் போர், விடிந்தபின் துரியோதனன் படுகளம், மாலையில் தீமிதி ஆகிய மூன்றும் இதில் அடங்கும். ஊருக்கு இது ஆண்டில் ஒருமுறை வருவது. கூத்துக் குழுவோ ஒரே பருவத்தில் ஊர் ஊராகப் பல படுகளங்களை ஆடுகிறது. பருவத்தின் கடைசிப் படுகளம் முடிந்ததும் குழு கலைவதும், நடிகர்கள் வேறு குழுவுக்குப் போவதும் இக்கலையின் வழக்கம்.

பெயரும் பின்னணியும்

இக்கூத்து பரவலாகத் தெருக்கூத்து எனப்படுகிறது. வீர வேடங்கள் தலையிலும் தோளிலும் மார்பிலும் அணியும், கண்ணாடித் துண்டு பதித்த எடை குறைந்த மர அணிகளுக்குக் ‘கட்டை’ என்று பெயர்; அதனால் கட்டைக்கூத்து என்ற பெயரும் உண்டு. எது சரியான பெயர் என்பதில் கலைஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது.

காஞ்சிபுரம் பகுதியில் பாரதத்தைக் கோயிலில் ஓதும் வழக்கம் மிகப் பழையது. நகருக்கு அருகிலுள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடுகள் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனுடையவை. மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்ட செய்தி அவற்றில் உள்ளது. இன்றைய விழாக்களிலும் பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தை அடியொற்றிப் பாரதச் சொற்பொழிவு நடக்கிறது. பகலில் சொன்ன கதை இரவில் கூத்தாக வருகிறது. வில்லிபாரதம் பத்துப் பருவங்களில், போர் முடிவோடு நின்றுவிடும் நூல். விழாவும் அங்கேயே முடிகிறது.

இரவுகளின் வரிசை

கூத்து எத்தனை இரவு என்பது ஊரின் வசதியைப் பொறுத்தது. திரௌபதி திருமணம், சுபத்திரை திருமணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, விராட பருவம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசை செல்லும். ஒவ்வோர் இரவும் பத்து மணியளவில் களரி (ஆடுகளம்) கட்டி, பொழுது விடியும் வரை ஆடுவார்கள். ஆர்மோனியம், மிருதங்கம் அல்லது தோலக், முகவீணை, தாளம் ஆகியவை பக்க வாத்தியங்கள். பெண் வேடங்களை மரபாக ஆண்களே கட்டிவந்தனர்.

படுகளம்

கோயில் திடலில் மண்ணைக் குழைத்து, வானம் பார்த்துக் கிடக்கும் துரியோதனன் உருவத்தை ஊரார் முன்னதாகவே செய்துவைப்பார்கள். ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளமான அந்த உருவத்துக்கு மீசை, கிரீடம் எல்லாம் வண்ணத்தில் தீட்டியிருக்கும். தொடைப் பகுதியில் சிவப்பு நீரை மறைத்து வைத்திருப்பார்கள்.

இரவு முழுக்க ஆடிய நடிகர்கள் அதே வேஷத்தோடு வெயிலில் திடலுக்கு வருகிறார்கள். அரிதாரத்தில் வியர்வை கோடு போட்டிருக்கும். தோள்கட்டையின் கயிற்றை யாராவது பின்னாலிருந்து இறுக்கிக் கொண்டிருப்பார். வீமனும் துரியோதனனும் மண் உருவத்தைச் சுற்றித் துரத்திக்கொண்டு ஓட, கூட்டம் விலகி வழிவிட்டு மறுபடி கூடும். கடைசியில் வீமனின் கதாயுதம் மண்தொடையில் இறங்கும். சிவப்பு நீர் வழியும். சபையில் துகிலுரியப்பட்ட நாள் முதல் விரிந்து கிடந்த கூந்தலில் திரௌபதி அதைத் தடவி, பூச்சூடி முடிந்துகொள்வாள். அதன்பின் இறந்தவனுக்காக ஒப்பாரி எழும். உருவத்து மண்ணைப் பிடியளவு எடுத்துப்போய் வீட்டில் வைத்துக்கொள்வது பல ஊர்களில் வழக்கம். மாலையில் விரதமிருந்தவர்கள் தீ மிதிக்கிறார்கள்.

கட்டியக்காரன்

இக்கூத்தின் நகைச்சுவைப் பாத்திரம் கட்டியக்காரன். களரி கட்டி முடிந்ததும் முதலில் வருபவனும் அவனே. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் பாடிக்கொண்டு வரும் அரசனைப் பார்த்து ‘நீ யார்’ என்று கேட்பது அவன் வேலை. அரசன் சொல்லும் பதிலில்தான் கதை நகரும். காவலன், தேரோட்டி, தோழி எனச் சில்லறை வேடங்கள் பலவும் அவன் தலையில் விழும். பாண்டவர் காலத்துக் கதைக்குள் ஊர்த் தேர்தலையும் பேருந்துக் கட்டணத்தையும் இழுத்துவரும் உரிமை அவனுக்கு மட்டுமே உண்டு. அன்பளிப்புத் தந்தவர் பெயரை ஆட்டத்துக்கு நடுவே நிறுத்தி அறிவிப்பதும், தூங்கிவழியும் கூட்டத்தைச் சிரிக்கவைத்து எழுப்புவதும் அவன் பொறுப்பு.

எழுதிவைத்த வசனம் அவனுக்குக் குறைவு. கொட்டகையில் ஒருவருக்கு ஒப்பனை முடியவில்லை என்றால் அவன் பேச்சு நீளும். முடிந்துவிட்டது என்று சைகை வந்தால் சுருங்கும். புதிதாகச் சேர்ந்த நடிகர் அடியை மறந்தால், கேள்வியாகவே அதை எடுத்துக்கொடுப்பான். ஆண்டுதோறும் ஆட்கள் மாறும் குழு ஒட்டுப்போட்டது தெரியாமல் ஆடுவதற்கு இந்தப் பாத்திரம் பெருமளவு துணைசெய்கிறது.

பருவ முடிவும் நடிகர் மாற்றமும்

கூத்துப் பருவம் பொதுவாகத் தை, மாசியில் தொடங்கி, பங்குனி முதல் ஆடி வரை உச்சத்தில் இருக்கும், புரட்டாசியோடு தணியும். மழைக்காலத்தில் திறந்த வெளியில் ஆட முடியாது. அப்போது நடிகர்கள் வயல் வேலைக்கும் கூலி வேலைக்கும் திரும்புகிறார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த ஊர்களில் சிலர் தறி வேலைக்கும். கருமாதிக்கு முந்தைய இரவில் ஆடும் கர்ண மோட்சம் போன்றவை மட்டும் இடையிடையே வரும்.

இவ்வட்டாரத்தில் குழுக்கள் பெரும்பாலும் ‘நாடக மன்றம்’ என்ற பெயரில் இயங்குகின்றன. வாத்தியார் அல்லது மன்ற உரிமையாளர் முன்பணம் கொடுத்து ஒரு பருவத்துக்கு நடிகரைச் சேர்க்கிறார். முன்பணம் தீரும்வரை நடிகர் அந்தக் குழுவோடு கட்டுண்டவர். பருவம் முடிந்ததும் கணக்குப் பார்க்கப்படும். கூடுதல் முன்பணம், பெரிய வேஷம், வாத்தியாரோடு மனத்தாங்கல், சொந்தக் குழு தொடங்கும் ஆசை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நடிகரை வேறிடம் போகவைக்கும். நல்ல பெண் வேஷக்காரருக்கும் நல்ல கட்டியக்காரனுக்கும் எப்போதும் கிராக்கி உண்டு.

ஒருவர் போனால் கூத்து நின்றுவிடாததற்குக் காரணம் அதன் அமைப்பு. எல்லாக் குழுக்களிடமும் ஏறக்குறைய அதே நாடகங்களே உள்ளன. கட்டை வேஷம், பெண் வேஷம், கட்டியக்காரன் என்று நடிகர் ஒரு வகையில் தேர்ந்திருந்தால் எந்தக் குழுவின் களரியிலும் இறங்கலாம். தனி ஒத்திகை அதிகம் தேவைப்படாது. பாட்டின் மெட்டும் அடவும் பொதுச்சொத்து.

குருகுலமும் அதன் நிறைவும்

பெருங்கட்டூர் பி. ராஜகோபால் தந்தையிடம் கூத்துக் கற்று, சிறுவயதிலேயே களரி ஏறியவர். அவரும் டச்சு நாட்டு ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் பிற கலைஞர்களும் முன்னின்று 1990இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தை உருவாக்கினர். 2002இல் நகருக்கு வெளியே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கியது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்துக் கற்றனர். பெண் பிள்ளைகளைச் சேர்த்துக் கட்டை வேஷம் கட்டவைத்தது மரபில் பெரிய மாற்றம். 2020இல் குருகுலம் மூடப்பட்டது. மூடப்படும்வரை அங்கே ஒவ்வொரு பயிற்சி ஆண்டும் ஒரு பிரிவோடுதான் முடிந்தது: தேர்ந்தவர்கள் வெளியேற, அவர்கள் கட்டிய வேஷம் அடுத்த மாணவருக்குப் போனது.

ஒப்பீடு

ஆட்கள் மாறியும் நிகழ்ச்சி தொடர்வது நகைச்சுவை மேடைகள் பலவற்றின் இயல்பு. 1975இல் தொடங்கிய அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ ஆண்டுதோறும் மே மாதத்தில் பருவத்தை முடிக்கும்போது சில நடிகர்கள் விடைபெறுவது வாடிக்கை. தமிழில் விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’விலிருந்து சந்தானம் ‘மன்மதன்’ (2004) படம் வழியே திரைக்குப் போனபின், அந்த முதன்மை இடத்தை ஜீவா ஏற்றார்.  கூத்தில் விலகும் நடிகரை வழியனுப்பும் சடங்கு கிடையாது. மங்களம் பாடி, அரிதாரத்தை எண்ணெய் தொட்டுத் துடைத்து, கட்டைகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டு நடிகர் ஊருக்குப் பேருந்து ஏறுகிறார். பெட்டி வாத்தியார் வீட்டுக்குப் போகிறது. அடுத்த தையில் அதே கிரீடத்தை வேறொருவர் தலையில் வைத்துக் கட்டுவார்கள்.