இரண்டாம் பாகம் என்னும் பிரச்னை

தமிழில் இரண்டாம் பாகங்களின் வரலாற்றை எழுதப் புகுகிறவன் சினிமாவிலிருந்து தொடங்க முடியாது. சாத்தனாரிலிருந்து தொடங்க வேண்டும். சிலப்பதிகாரம் முடிந்த இடத்தில் எஞ்சி நிற்பவள் மாதவியின் மகள். அவளை வைத்துத் தொடர்ச்சி எழுத எளிய வழி ஒன்று இருந்தது: தாயின் கதையை மகளிடம் மறுபடி நடத்துவது. அதற்கு வேண்டிய காதலனாகச் சோழ இளவரசன் உதயகுமரனும் இருக்கிறான். சாத்தனார் இந்த வழியை மறுத்தார். மணிமேகலைக்கு அவன்மேல் ஈர்ப்பு உண்டு. அது முற்பிறவியின் மிச்சம் என்று காட்டிவிட்டு, அவனைக் காஞ்சனன் வாளுக்குக் கொடுத்து, அவளைச் சிறை வழியாக அறத்துக்கு அனுப்புகிறார். காதல் கதையை எதிர்பார்த்தவனுக்குக் கிடைப்பது அமுதசுரபியும் சமயவாதமும். ஏமாற்றம்தான். ஆனால் முதல் நூலின் வெற்றியைத் திரும்ப விற்க மறுத்ததில் பிறந்த ஏமாற்றம் அது. கவித்துவத்தில் மணிமேகலை குறைந்தது என்பவர்களும் இந்த நேர்மையை மறுக்க முடியாது.

அகப்பாடல் மரபு இன்னும் கறாரானது. அங்கே தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரே கிடையாது. பெயர் இல்லாதவருக்குத் தொடர்கதை இல்லை. களவும் உண்டு, கற்பும் உண்டு. ஆனால் களவுப் பாட்டின் பெண்தான் கற்புப் பாட்டின் பெண் என்று எந்தக் கவிஞனும் சொல்வதில்லை. ஒவ்வொரு பாட்டும் ஒரு கணத்தில் நின்றுவிடுகிறது. அடுத்து என்ன ஆயிற்று என்ற கேள்வியை அந்த வடிவமே அனுமதிப்பதில்லை.

சினிமா இந்தக் கேள்வியால் வாழ்வது. 1979இல் வந்த ஜி.என். ரங்கராஜனின் ‘கல்யாணராமன்’ படத்தில், பல் துருத்திய வெகுளியான கல்யாணம் காதலிக்கிறான், கொல்லப்படுகிறான், ஆவியாகி உடன்பிறந்த ராமனிடம் வந்து சேர்கிறான். கமல்ஹாசனின் இரு வேடங்களும் ஸ்ரீதேவியும் படத்தை ஓட வைத்தார்கள். வெகுளியின் காதலை மரணம் முடித்துவைத்ததில் சிறிதளவு உண்மையும் இருந்தது. 1985 தீபாவளிக்கு எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ வந்தது. தமிழ் சினிமாவின் முதல் இரண்டாம் பாகம் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். ஸ்ரீதேவியின் இடத்தில் ராதா. மலைத்தோட்டத்தின் இடத்தில் ஜப்பான், அவ்வாண்டு ட்ஸுகுபாவில் நடந்த சர்வதேசப் பொருட்காட்சி. சொல்ல ஏதும் மிஞ்சாதபோது இடத்தை மாற்றுவது என்ற உத்தி அன்றே தொடங்கிவிட்டது. முதல் படத்தின் வெற்றி இதற்குக் கிட்டவில்லை. இது வெறும் வியாபாரத் தோல்வி. இதற்காக வருந்தியவர்கள் அதிகம் இருக்க முடியாது.

‘விண்ணைத்தாண்டி வருவாயா’ விஷயம் வேறு. கௌதம் வாசுதேவ் மேனனின் இந்தப் படம் 2010 பிப்ரவரி 26இல் வெளியானது. கார்த்திக் இயந்திரப் பொறியியல் படித்தவன். அந்த வேலையை விரும்பாமல் உதவி இயக்குநராகிறான். ஜெஸ்ஸி கேரளக் கிறிஸ்தவப் பெண், அவனைவிட ஒரு வயது மூத்தவள். மேல்தட்டு நளினம் மிகுந்த இந்தப் படம் சென்னையின் மேற்குப் புறநகரில் அந்நியமாகப் படாததற்குக் காரணம் உண்டு. அம்பத்தூர் ஒரு தொழிற்பேட்டை ஊர். 1964இலிருந்து லேத்துப் பட்டறைகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் அதன் வாழ்க்கையை வகுத்தன. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஷிப்டு சங்கில் எழுந்து ஷிப்டு சங்கில் உறங்கிய அந்தத் தலைமுறையின் பிள்ளைகள், பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் ஆவடியைச் சுற்றியும் முளைத்த பொறியியல் கல்லூரிகளின் பஸ்களில் ஏறினார்கள். 2010 அந்த அலை உயர்ந்திருந்த காலம். அப்பா தொட்ட இயந்திரத்தைப் பட்டம் வாங்கிக்கொண்டு தொடுவதா, அல்லது தனக்கென ஒன்றைத் தேடுவதா என்ற தவிப்பு கார்த்திக்குடையது மட்டுமல்ல. அவன் வேலையையும் காதலையும் ஒருசேரப் பந்தயம் வைத்தான். ஒன்றில் ஜெயித்தான், ஒன்றில் தோற்றான். இந்தக் கணக்கு அவர்களுக்குப் புரிந்தது.

படத்தின் முடிவு கவனத்துக்குரியது. கார்த்திக் தன் காதலையே ‘ஜெஸ்ஸி’ என்று படமாக எடுக்கிறான். அந்தப் படத்துக்குள் காதலர்கள் மணம் செய்துகொள்கிறார்கள். வெளியே ஜெஸ்ஸி இன்னொருவரின் மனைவி. அதே நாளில் தெலுங்கில் வந்த ‘ஏ மாய சேசாவே’ இதைத் தலைகீழாக்கியது: அங்கே காதல் கைகூடுகிறது, உள்ளிருக்கும் படத்தில் தோற்கிறது. தமிழின் உட்படத்தில் நாக சைதன்யாவும் சமந்தாவும். தெலுங்கின் உட்படத்தில் சிம்புவும் த்ரிஷாவும். ஆக, நடந்தது எது, நடந்திருக்கக்கூடியது எது என்ற இரண்டும் ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டன. தன் இரண்டாம் பாகத்தைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு முடிந்த படம் இது. வெகுஜன சினிமாவில் இப்படி ஒரு வடிவப் பிரக்ஞை அபூர்வம்.

2020 மே மாதம் ‘கார்த்திக் டயல் செய்த எண்’ என்ற சுமார் 12 நிமிடக் குறும்படம் இணையத்தில் வெளியானது. ஊரடங்கு நேரம். நடிகர்கள் தத்தம் வீட்டில் இருக்க, இயக்குநர் தொலைவிலிருந்து சொல்ல, கைபேசியில் படமானது. அந்த மாதம் மேற்குப் புறநகர் எப்படி இருந்தது என்பதை நினைவுகூர வேண்டும். கோயம்பேட்டில் தொற்று பரவியதால் காய்கறி அங்காடி பூந்தமல்லியை அடுத்த திருமழிசைக்கு மாற்றப்பட்டிருந்தது. வடமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்ப வழி தேடிக்கொண்டிருந்தார்கள். மார்ச்சில் மூடிய திரையரங்குகள் நவம்பர் 10 வரை திறக்கவில்லை. 2010இல் ஒரு காதல் ஜோடியின் துயரமாக இருந்த தூரம், இப்போது எல்லோருடைய நிலைமையும் ஆகியிருந்தது. இதைவிடப் பொருத்தமான கச்சாப்பொருள் ஒரு கலைஞனுக்குக் கிடைக்காது.

கிடைத்ததை என்ன செய்தார்கள்? எழுத்து ஓடாமல் முடங்கிய கார்த்திக், கேரளத்திலிருக்கும் ஜெஸ்ஸியை அழைக்கிறான். இன்னமும் அவள் வேண்டும் என்கிறான். அவனைத் தன் மூன்றாவது குழந்தை போல என்று சொல்லி அவள் தேற்றுகிறாள். அவன் மறுபடி எழுத ஆரம்பிக்கிறான். இளைஞர்கள் இதைக் கேலி செய்தார்கள். கேலிக்கு அடியில் இருந்தது நியாயமான கோபம் என்றே கருதுகிறேன். முதல் படத்தில் ஜெஸ்ஸி குழப்பமானவள். நெருங்கியும் விலகியும், தனக்கே விளங்காத ஒரு மனம். அந்தக் குழப்பம்தான் அவளைப் பாத்திரமாக்கியது. இங்கோ அவள் ஒரு ஆறுதல் வார்த்தை. பத்தாண்டு வாழ்வு அவளுக்குள் என்ன செய்தது என்பதற்குத் தடயமே இல்லை. கார்த்திக்கின் பேனாவுக்கு மை ஊற்றவே அவள் வாழ்ந்திருக்கிறாள். சாத்தனார் தன் நாயகியைக் காதலனிடமிருந்து விடுவித்து அவளுக்கென்று ஒரு வழி கொடுத்தார். இவர்கள் விடுபட்டுப் போனவளைத் திரும்ப அழைத்துத் தாதியாக்கினார்கள். ஏமாற்றத்தின் காரணம் நீளமோ கைபேசியோ அல்ல, இதுதான்.

வியாபார நிர்ப்பந்தம் என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. டிக்கெட் விற்காத படம் இது. நிர்ப்பந்தம் உள்ளிருந்து வந்திருக்கிறது. முடிந்ததை முடிந்ததாக விட முடியாத ஒரு பலவீனம். இழப்பை இழப்பாகவே வைத்துக்கொள்ளும் தைரியம் 2010இல் இருந்தது, 2020இல் இல்லை.

ரசிகர்களிடம் அது இருந்தது. திரையரங்குகள் திறந்தபின் அண்ணாநகர் மேற்கில், பாடியைத் தாண்டினால் அம்பத்தூர்க்காரர்கள் வந்து சேரும் வணிக வளாகத்து அரங்கில், பழைய படத்தை மறுபடி திரையிட்டார்கள். அங்கே ஒரு காட்சியாக அது ஓடிக்கொண்டே இருந்து, 2024இல் ஆயிரம் நாட்களைத் தாண்டியதாக அறிவிக்கப்பட்டது. அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்டு யாரும் அங்கே போகவில்லை. ஜெஸ்ஸி போய்விடுவாள் என்று தெரிந்தேதான் போனார்கள்.