இஞ்சிவிளையும் களியக்காவிளையும்: பாறசாலை வட்டாரத்தை எந்த அலகில் ஆராய்வது?

களியக்காவிளையிலிருந்து நெடுஞ்சாலையில் திருவனந்தபுரம் நோக்கிப் போனால் சற்று நேரத்தில் இஞ்சிவிளை வந்துவிடும். முன்னது தமிழ்நாடு, பின்னது கேரளம், பாறசாலையை ஒட்டிய ஊர். இரு பெயரிலும் நிற்கும் ‘விளை’ ஒரே சொல்தான்: தென்னை, பனை, பலா நிற்கும் மேட்டுநிலம். தாழ்ந்து கிடக்கும் வயல்வெளிக்கு இருபுறமும் ‘ஏலா’ என்று பெயர். மதுரையில் பதநீர் எனப்படுவது இங்கே இருபுறமும் ‘அக்கானி’.

இத்தகைய ஒற்றுமைகளை ‘எல்லைப்புறக் கலப்பு’ என்று சொல்லி நகர்ந்துவிடுவது ஆய்வுலகின் வழக்கம். கலப்பு என்றால், தனித்தனியே இரண்டு இருந்து பிறகு சேர்ந்திருக்க வேண்டும். பாறசாலை, நெய்யாற்றின்கரை ஊர்களின் பழைய சான்றுகள் இதற்கு நேர்மாறானதையே காட்டுகின்றன என்பது என் வாதம். அங்கே முதலில் இருந்தது ஒன்று. இரண்டாக்கியது பின்வந்த நிர்வாகம்.

முதன்மைச் சான்று கதைப்பாடல். வேணாட்டு மந்திரியான இரவிக்குட்டிப்பிள்ளை, திருமலை நாயக்கரின் படையை எதிர்த்துக் கணியாகுளத்தில் 1634இல் மடிந்தார். அவரைப் பாடும் ‘இரவிக்குட்டிப்பிள்ளை போர்’ மலையாள இலக்கிய வரலாற்றில் ‘தெக்கன் பாட்டு’. தமிழ் நாட்டார் வழக்காற்றியலில் ‘கதைப்பாடல்’. உலகுடைய பெருமாள் கதைக்கும் அஞ்சு தம்புரான் கதைக்கும் இதே இரட்டைப் பதிவு உண்டு. பாட்டின் மொழியைக் கவனியுங்கள். மதுரைப் படையிடம் உயிர்விட்ட வீரனுக்கான புலம்பல் தமிழில் இருக்கிறது. பகைவனின் நாட்டிலும் அதே மொழிதான். பாடியவருக்கோ கேட்டவருக்கோ இதில் முரண்பாடு தெரியவில்லை. பேசும் மொழி ஒருவரின் நாட்டைக் காட்டும் என்ற எண்ணமே அவர்களிடம் இல்லை. அவர்களுக்கு நாடு என்றால் வேணாடு. பாட்டு என்றால் தமிழ். தாயும் மனைவியும் கெட்ட கனவு கண்டு போருக்குப் போகாதே என்று தடுக்கும் பகுதியில் கேட்பவர் மனம் உடைகிறது. அந்த இடத்தை ‘மலையாளத்தின் மீது தமிழ்த் தாக்கம்’ என்று குறிப்பெழுதுவது பாட்டுக்கும் நியாயமல்ல, பாடியவருக்கும் நியாயமல்ல.

பாடும் முறையும் இதையே சொல்கிறது. நீண்ட வில்லைக் குடத்தோடு சேர்த்துப் பிடித்து, வீசுகோலால் நாணைத் தட்டி, உடுக்கும் தாளமும் துணைவர வலப்பக்கத்தார் ஒரு வரி எடுக்க, இடப்பக்கத்தார் அதை ஏந்திக்கொள்வார்கள். தமிழகத்தில் வில்லுப்பாட்டு, நெய்யாற்றின்கரையில் வில்லடிச்சான் பாட்டு. கருவி ஒன்றே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் கேட்கும் தமிழெல்லாம் ஒரே வகைப்பட்டதல்ல. பாலராமபுரத்துச் சாலியர் தமிழ், குடியேற்றத்தோடு வந்தது. பாலராமவர்மா ஆட்சியில் (1798–1810) நாகர்கோவில் பக்கமிருந்து அழைத்து வரப்பட்ட நெசவாளர்கள் அவர்கள். குழித்தறியில் கால்களை இறக்கி, கசவு வேட்டி நெய்கிறவர் வீட்டுக்குள் தமிழும் வாடிக்கையாளரிடம் மலையாளமும் பேசுவதைக் ‘கலப்பு’ எனலாம், தவறில்லை. அதே சொல்லை இஞ்சிவிளைக்குப் பொருத்தும்போதுதான் வரலாறு பிழையாகிறது.

அப்படியானால் இரு மாநிலங்களுக்கிடையே உள்ள எல்லைக்கோடு வெறும் கற்பனையா? அல்ல. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்ற திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸின் கோரிக்கையில் நெய்யாற்றின்கரையும் இடம்பெற்றிருந்தது. அந்தப் போராட்டத்தின்மீது 1954 ஆகஸ்ட் 11இல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் உயிர்ப்பலிகள் நேர்ந்தன. 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன் பிறகு நிறுவனங்கள் தாலுகா எல்லையைப் பின்பற்றின. லண்டன் மிஷன் மரபில் வந்த தென்னிந்தியத் திருச்சபையின் தென்திருவிதாங்கூர் மறைமாவட்டம் 1959இல் தென்கேரளம், கன்னியாகுமரி என இரண்டாயிற்று. ஒரே சபையாக இருந்தவர்களின் பிள்ளைகள் இருவேறு மொழியில் ஜெபிக்கக் கற்றார்கள். கத்தோலிக்க அமைப்பிலும் கோட்டின் இருபுறமும் தனித்தனி மறைமாவட்டங்கள்: நெய்யாற்றின்கரை இலத்தீன் மறைமாவட்டம் 1996இல், குழித்துறை 2014இல். இது உண்மையான பிரிவு. பிரிவுக்கு வயது எழுபதுதான் என்பதை ஆய்வாளர் மறக்கக்கூடாது.

எல்லைக்கோட்டை ஒத்துக்கொண்டும் கடந்தும் நடப்பது நவராத்திரி ஊர்வலம். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி யானைமேல் வர, வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன்சேரப் புறப்பட்டு, குழித்துறையில் ஓரிரவு தங்குவார்கள். களியக்காவிளையில் கேரள அதிகாரிகளும் காவலர்களும் அணிவகுத்து வரவேற்பார்கள். அடுத்த இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில். அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட திருமேனி என்பது ஐதீகம். கம்பரின் தெய்வத்துக்குக் கேரளக் காவல்துறை மரியாதை செலுத்தும் காட்சியை எந்தப் பாடத்துறையில் வைப்பது? தமிழ்த்துறை களியக்காவிளையோடு நின்றுவிடுகிறது. மலையாளத்துறை இஞ்சிவிளையில்தான் தொடங்குகிறது. நடுவிலுள்ள சாலைக்கு ஆளில்லை.

ஊர்வலம் சேருமிடம் திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபம். அங்கே பெண்கள் பாடும் வழக்கம் முன்பு இருந்ததில்லை. 2006இல் அந்தச் சரஸ்வதியின் முன் அமர்ந்து முதன்முதலாகப் பாடிய பெண், பாறசாலை பொன்னம்மாள். அவர் பாறசாலையில் பிறந்தது 1924இல். அப்போது களியக்காவிளையில் கோடு இல்லை.