மோர்டன் ரயிலும் மின்துடிப்பின் அகலமும்

லண்டனின் தென்மேற்கே உள்ள மோர்டன், 1926ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் சுரங்க ரயில் வந்து சேரும்வரை, வயல்கள் சூழ்ந்த சர்ரே மாவட்டச் சிற்றூராகவே இருந்தது. சார்லஸ் ஹோல்டன் வடிவமைத்த அதன் நிலையம் இன்றைய நார்தர்ன் தடத்தின் தென்கோடியாகும். நிலையத்துக்குச் சற்று வடக்கே தொடங்கி, பேங்க் நிலையம் வழியாக ஈஸ்ட் ஃபிஞ்ச்லி வரை ஏறத்தாழ 27.8 கிலோமீட்டர் நீளும் சுரங்கம், உலகின் மிக நீளமான ரயில் சுரங்கம் என்ற பெயரை நெடுங்காலம் தாங்கியிருந்தது. மோர்டனைப் பற்றி எழுதுவோர் ஹோல்டனின் கட்டடக்கலையையும் ரயிலைத் தொடர்ந்து பெருகிய குடியிருப்புகளையும் விரிவாகவே பேசியிருக்கிறார்கள். அந்த ரயில்களின் மோட்டார்களுக்கு மின்சாரம் அளந்து கொடுக்கப்பட்ட முறை முக்கால் நூற்றாண்டில் அடியோடு மாறியதும், அம்மாற்றம் பழுது தேடும் இடத்தையே மாற்றிவிட்டதும் அதே அளவு கவனத்துக்குரியவை.

லண்டன் சுரங்க ரயில், ஓடும் தண்டவாளங்கள் இரண்டோடு மின்சாரத்துக்கென வேறு இரண்டு தண்டவாளங்களையும் கொண்ட நான்கு தண்டவாள முறையில் இயங்குகிறது. மரபான அமைப்பில், வெளிப்புறத் தண்டவாளத்தில் நேர் 420 வோல்ட்டும் நடுத் தண்டவாளத்தில் எதிர் 210 வோல்ட்டும் இருக்க, இரண்டுக்கும் இடையே 630 வோல்ட் நேர்மின்சார அழுத்தம் கிடைக்கிறது. நின்றிருக்கும் மோட்டாருக்கு இந்த அழுத்தத்தை அப்படியே கொடுத்தால் பாயும் மின்னோட்டம் சுருள்களையே எரித்துவிடும் என்பதால், முதலில் மின்தடைகளை வரிசையாகச் சேர்த்து, வேகம் கூடக் கூட அவற்றை ஒவ்வொன்றாக விலக்குவதே அன்றைய வழியாக இருந்தது. 1926இல் மோர்டனுக்கு வந்த ரயில்களில் இதற்கான இணைப்புக் கருவிகள் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் தனியறை ஒன்றை நிறைத்து, பயணிகளுக்குரிய இடத்தை எடுத்துக்கொண்டன. 1938ஆம் ஆண்டு வகை ரயில்களில் அவை பெட்டிக்கு அடியில் சென்றன. காற்றழுத்தத்தால் திருப்பப்படும் கேம் தண்டு ஒன்று, இணைப்புகளைப் படிப்படியாக மூடித் திறந்தது. தொடக்கத்தில் செலவாகும் மின்னாற்றலில் கணிசமான பங்கு மின்தடைகளில் வெறும் வெப்பமாகப் போனதே இம்முறையின் பெரிய குறை. ஆயினும் அதன் பழுதுகள் கண்ணுக்குத் தெரிந்தன: தேய்ந்த தொடுமுனை கருத்திருக்கும், இறுகிப்போன தண்டு பாதிப் படியில் நிற்கும். கேம் தண்டு பூட்டிய 1959ஆம் ஆண்டு வகை ரயில்கள் 2000ஆம் ஆண்டு ஜனவரி வரை இத்தடத்தில் ஓடியதை எண்ணினால், அம்முறையின் உறுதி விளங்கும்.

மின்சாரத்தைத் தடுத்துக் குறைக்காமல் வெட்டிக் குறைப்பது இன்னொரு வழியாகும். மின்சாவி ஒன்றை நொடிக்குப் பல நூறு முறை மூடித் திறந்து, ஒவ்வொரு சுற்றிலும் அது மூடியிருக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் வந்தால், மோட்டார் உணரும் சராசரி அழுத்தம் அதற்கேற்ப மாறுகிறது. இதுவே துடிப்பு அகலப் பண்பேற்றம். சுற்றின் மொத்த நேரத்தில் சாவி மூடியிருக்கும் பங்கு டியூட்டி சைக்கிள் எனப்படுகிறது. மூடிய சாவியிலும் திறந்த சாவியிலும் இழப்பு மிகக் குறைவு என்பதால், வெப்பமாகப் போன ஆற்றலின் பெரும்பகுதி மிஞ்சுகிறது. 1964இல் பிரவுன் போவெரி நிறுவனத்தின் ஷோனுங், ஸ்டெம்லர் ஆகியோர், சைன் அலை ஒன்றை முக்கோண அலையோடு ஒப்பிட்டு டியூட்டி சைக்கிளைக் கணந்தோறும் மாற்றினால், நேர்மின்சாரத்திலிருந்து விரும்பிய அதிர்வெண்ணில் மாறுமின்சாரம் பெறலாம் என்று காட்டினர்.

அக்கணக்கைப் பெரிய மோட்டாரில் நிறைவேற்ற, விரைந்து மூடித் திறக்கும் வலிய சாவி வேண்டியிருந்தது. ஐ.ஜி.பி.டி. என்னும் டிரான்சிஸ்டர் அந்த இடத்தை நிரப்பியது. அதன் உருவாக்கத்தில் பலருக்குப் பங்குண்டு என்றாலும், 1980களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் அதை நடைமுறைக் கருவியாக்கியவராகப் போற்றப்படுபவர், சென்னையில் 1948இல் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் 1969இல் பட்டம் பெற்ற பி. ஜயந்த் பாலிகா. 1998 ஜூனில் நார்தர்ன் தடத்தில் ஓடத் தொடங்கிய 1995ஆம் ஆண்டு வகை ரயில்களில், ஆல்ஸ்டம் நிறுவனம், நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் ஐ.ஜி.பி.டி. இன்வெர்ட்டர்களையும் மும்முனை மாறுமின் மோட்டார்களையும் பூட்டியது. மோர்டன் பயணி ஒவ்வொருவரும் சென்னையில் பயின்ற ஒருவரின் உழைப்பின் மேல்தான் பயணிக்கிறார் என்பது தமிழர்கள் பெருமையோடு நினைக்கத்தக்கது.

இந்த மாற்றத்தால் பழுதின் இருப்பிடம் உலோகத்திலிருந்து எண்ணுக்கு நகர்ந்தது. அதைத் தேடும் பயிற்சியும் பணிமனையைத் தாண்டி, மைக்ரோகண்ட்ரோலரைக் கணினித் திரையில் இயக்கிக் காட்டும் புரோட்டியஸ் போன்ற சிமுலேஷன் மென்பொருள்களுக்கு வந்துவிட்டது. எடுத்துக்காட்டாக, ஏ.டி.மெகா328 என்னும் மைக்ரோகண்ட்ரோலர் சில்லில் எட்டு பிட் டைமர் 0 முதல் 255 வரை எண்ணி மீண்டும் தொடங்குகிறது. அந்த எண்ணிக்கையோடு ஒப்பிடப்படும் ஒப்பீட்டு எண் 127 என்றால் 256இல் 128 பங்கு, அதாவது 50 சதவீதம், துடிப்பு உயர்நிலையில் இருக்கும். கடிகார வேகம் 16 மெகாஹெர்ட்ஸாக இருக்க, அதை 64ஆல் வகுத்து டைமருக்குக் கொடுத்தால், 256 எண்ணிக்கைக்கு ஒரு துடிப்பாக, நொடிக்கு ஏறத்தாழ 977 துடிப்புகள் வரும். மென்பொருளில் அவ்வேகம் 1 மெகாஹெர்ட்ஸ் என்றே விடப்பட்டிருந்தால் துடிப்புகள் 61ஆகக் குறையுமே தவிர, பங்கு 50 சதவீதத்திலிருந்து நகராது. ஆகவே அதிர்வெண் தவறினால் கடிகார அமைப்பையும், பங்கு தவறினால் ஒப்பீட்டு எண்ணையும் டைமரின் உச்ச எண்ணையும் முதலில் பார்ப்பதே முறை. உச்ச எண்ணை 199ஆக மாற்றிவிட்டு 127ஐ அப்படியே விட்டவருக்கு 64 சதவீதம் கிடைக்கும். தலைகீழ் முறையைத் தேர்ந்தவருக்கு 30 சதவீதம் 70 ஆகத் தோன்றும். டைமரின் வேகத் துடிப்பு முறையில் (Fast PWM) ஒப்பீட்டு எண்ணைப் பூஜ்யமாக்கினாலும் மெல்லிய துடிப்பொன்று எஞ்சும் என்பதால், மோட்டாரை முற்றிலும் நிறுத்த அந்த முனையை டைமரிடமிருந்து விடுவிக்க வேண்டும்.

இந்த எண்கள் எல்லாம் சரியாக இருந்தும், திரையில் ஒழுங்காக ஓடிய சுற்று மேசையில் எரிந்துபோவதுண்டு. இன்வெர்ட்டரின் ஒவ்வொரு முனையிலும் மேலும் கீழுமாக இரண்டு சாவிகள் இருக்கின்றன. ஒன்று முழுதும் திறக்குமுன் மற்றொன்று மூடினால் மின்வழங்கியே குறுக்குச் சுற்றாகிவிடும். இதைத் தவிர்க்க இரண்டுக்கும் இடையே சில மைக்ரோநொடிகள் வெற்று இடைவெளி விடப்படுகிறது. கணத்தில் மூடித் திறக்கும் கற்பனைச் சாவிகளை வைத்துச் செய்யப்படும் சிமுலேஷனில், அந்த இடைவெளி விடுபட்டிருந்தாலும் குறை தென்படாது. உண்மையான டிரான்சிஸ்டர் அணைய எடுக்கும் நேரத்தைக் கொண்ட மாதிரியைச் சேர்த்து, கணக்கிடும் நேரப்படியையும் அந்நேரத்தைவிடச் சிறிதாக்கினால்தான் அந்தக் குறை அலைவடிவில் தெரியும்.